உரிப்பொருளைப் படம் பிடிக்க முடியுமா?

சொந்தக் குறும்படம் எழுதுவதும் எடுப்பதும் குறித்துச் சில எண்ணங்கள்

மலர்க் குழுவினர் வழக்கம்போல் இந்த ஆண்டும் என்னிடம் இலக்கணக் கட்டுரைதான் கேட்டார்கள். குறும்படம் பற்றி எழுதுகிறேன் என்றதும், "பாத்திரக் கடைக்காரருக்குச் சினிமாவில் என்னங்க வேலை?" என்று ஒருவர் சிரித்தார். வேலை இருக்கிறது. மும்பையில் நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று செல்போனில் குறும்படம் எடுக்காத பிள்ளைகள் குறைவு. அவர்கள் எடுப்பது துப்பறியும் கதையும் அல்ல. தாத்தா, பாட்டி, விற்றுவிட்ட ஊர் வீடு, பாதி மறந்துபோன தாய்மொழி என்று சொந்த வாழ்க்கையைத்தான் எடுக்கிறார்கள். ஆண்டு விழாவில் அவற்றைத் திரையிடுகிறோம், கை தட்டுகிறோம், டீ குடிக்கப் போய்விடுகிறோம். அந்தப் படம் எங்கே நின்றது, எங்கே சறுக்கியது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு நூலை எப்படி ஆராய்வோமோ அப்படிப் படத்தையும் ஆராய்வதே பிள்ளைகளின் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை. அந்த நோக்கில் எழுந்ததே இக்கட்டுரை.

முதல், கரு, உரி

எழுதுகிறவனுக்கு 'நான்' என்ற சொல் செலவில்லாமல் கிடைக்கிறது. 'நான் அழுதேன்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கேமராவுக்கு அந்தச் சொல் கிடையாது. அது கதவைக் காட்டும், விளக்கைக் காட்டும், பாட்டியின் சுருங்கிய கையைக் காட்டும். யார் பார்க்கிறார்கள், எந்த மனநிலையில் பார்க்கிறார்கள் என்பதை அது தானாகச் சொல்லாது. சொந்தக் குறும்படத்தின் முதல் சிக்கல் இதுதான். பணம், கருவி, ஆள் பலம் எல்லாம் அடுத்துதான் வருகின்றன.

இதை விளங்கிக்கொள்ள நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் உண்டு. அகப்பாடலின் பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பிரித்தார்கள். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு, உணவு, பறை, தொழில் முதலியன. உரி என்பது பிரிதல், இருத்தல், இரங்கல் போன்ற மன ஒழுக்கம். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் கேமராவின் எல்லை நமக்குப் பளிச்சென்று தெரியும். முதல் அதற்கு அகப்படும், கரு அகப்படும், உரி அகப்படாது. மாலை வெயிலை எடுக்கலாம், அம்மிக்கல்லை எடுக்கலாம். பிரிவை எப்படி எடுப்பது? முதலையும் கருவையும் அடுக்குகிற முறையில், பார்ப்பவர் மனத்தில் உரி தானாகப் பிறக்க வேண்டும். வேறு வழி இல்லை.

நம் புலவர்கள் இதைத்தான் செய்தார்கள். குறுந்தொகைப் பாட்டு நான்கடிக்குக் குறையாது, எட்டடியைத் தாண்டுவது அரிது. அந்தச் சின்ன இடத்தில் ஒரு நண்டும் ஒரு நாரையும் வந்து நின்று ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிடும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அகத்தில் தலைவனுக்கோ தலைவிக்கோ இயற்பெயர் சுட்டக்கூடாது, பெயர் சொன்னால் அது புறமாகிவிடும். மிகச் சொந்தமான பாட்டுக்குத்தான் பெயரை மறைக்கச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். அது நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

நம் பிள்ளைகள் திரைக்கதை எழுதும்போது உரிப்பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். தாளில் முதல் வரியே 'தனிமையில் வாடும் பாட்டி' என்று இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று படப்பிடிப்பு நாளில் திகைக்கிறார்கள். பாட்டியை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து வெளியே பார்க்கச் சொல்கிறார்கள். போதவில்லை என்று தோன்றினால் வயலின் சேர்க்கிறார்கள். அதுவும் போதாவிட்டால் பின்னணியில் ஒரு குரல் வந்து, "என் பாட்டி தனிமையில் வாடுகிறாள்" என்று சொல்லிவிடுகிறது. எழுத்தில் தொடங்கிய படம் சுற்றிச் சுற்றி எழுத்துக்கே திரும்பிவிட்டது! கேமரா அங்கே வந்த வேலை என்ன?

ஓர் அலுவலகம், மூன்று படங்கள்

இந்தச் சிக்கல் நேற்று வந்தது அல்ல. நம் மும்பை பெடர் சாலையில் பிலிம்ஸ் டிவிஷன் என்ற அரசு அலுவலகம் 1948 முதல் இயங்கியது. 2022-இல் அதைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். அறுபது வயது கடந்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. வந்தவாசிப் பக்கத்து டூரிங் டாக்கீஸில் எம்.ஜி.ஆர். படத்துக்கு முன்னால் தமிழ் விளக்க உரையோடு ஓடியதெல்லாம் அவர்கள் அனுப்பிய சுருள்தான். அணைக்கட்டு, குடும்பக் கட்டுப்பாடு, வெள்ள நிவாரணம். அது ஓடும்போது நாங்கள் முறுக்கு வாங்கப் போய்விடுவோம்.

அப்படிப்பட்ட அலுவலகத்திலிருந்து 1960-களின் பிற்பகுதியில் சில விசித்திரமான படங்கள் வெளிவந்தன. ஜான் பவ்நகரி 1965 முதல் 1967 வரை இரண்டாம் முறையாக அங்கே தலைமை ஆலோசகராக இருந்து, புதிய ஆட்களையும் ஓவியர்களையும் உள்ளே விட்டது இதற்கு முக்கியக் காரணம். பிற்காலத்தில் அந்த வளாகத்திலேயே பழைய படங்களைப் பொதுமக்களுக்குத் திரையிட்டு வந்தார்கள். கடையை மகனிடம் விட்டுவிட்டு நானும் போவேன். அவற்றுள் மூன்று படங்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் இருபது நிமிடங்களுக்கு உட்பட்டவை. 'நான்' என்பதைத் திரையில் கொண்டுவர மூன்றும் மூன்று வழியைப் பிடித்தவை.

முதலாவது, எம்.எப். ஹுசைன் 1967-இல் எடுத்த 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்'. ஓர் ஓவியனின் கண்கள் வழியே என்று பொருள். ராஜஸ்தானத்துக் கோட்டையும் மணலும் தெருவும்தான் களம். கதை கிடையாது, கதை சொல்லும் குரலும் கிடையாது. ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு குடை, ஒரு செருப்பு மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. விஜய ராகவ ராவின் இசை கூடவே வருகிறது. அந்த ஆண்டு பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடிப் பரிசு இதற்குக் கிடைத்தது. விளக்க உரை இல்லாவிட்டால் ஜனங்களுக்குப் புரியாது என்று நினைத்திருந்த காலத்தில், பொருள்களை மட்டும் வைத்து ஒரு படத்தை நிறுத்திக் காட்டியது பெரிய காரியம். ஆனாலும் என் மதிப்பீடு இது: இப்படத்தில் கருப்பொருள் செழிப்பாக இருக்கிறது, உரிப்பொருள் மெலிந்திருக்கிறது. குடையும் செருப்பும் கண்ணுக்கு விருந்தாக விளையாடுகின்றன. ஒரு சுமையை ஏற்கவில்லை. ஊர் பார்க்க வந்த மகா ரசிகர் ஒருவரின் 'நான்' அது. பார்த்து மகிழ்ந்தேன். வீட்டுக்கு எடுத்துவர ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாவது, எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1968-இல் எடுத்த 'அண்ட் ஐ மேக் ஷார்ட் பிலிம்ஸ்'. நானும் குறும்படம் எடுக்கிறேன் என்ற தலைப்பிலேயே 'நான்' வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் எடுத்த 'ஐ ஆம் ட்வென்டி' என்ற படத்தின் தலைப்பிலும் 'நான்' உண்டு. ஆனால் அந்த 'நான்' அவருடையது அல்ல. இந்தியா விடுதலை பெற்ற அதே ஆண்டில் பிறந்த இளைஞர்களிடம் நாட்டைப் பற்றிக் கேட்ட படம் அது. அடுத்த ஆண்டே கேள்வியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். குறும்படம் எடுப்பவன் எதற்காக எடுக்கிறான், யாருக்காக எடுக்கிறான், எடுத்து என்ன ஆகப்போகிறது என்பதையே துண்டுக் காட்சிகளாலும் பலருடைய பேச்சாலும் கேலியோடு அடுக்கிக் காட்டினார். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசுப் படத்தின் பயனைக் கேட்ட துணிச்சலை வியக்காமல் இருக்க முடியாது. ஆயினும் இங்கே பேசுகிற 'நான்' தொழிலின் 'நான்'. வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்த 'நான்' அல்ல. நம் கணக்கில் இது நல்ல புறப்பாட்டு.

மூன்றாவதுதான் நான் விரித்துப் பேச விரும்புவது. ஓவியர் தயப் மேத்தா 1970-இல் எடுத்த படம். அதன் பெயர் 'கூடல்'. ஆம், நம் கூடல்தான்! குஜராத்தின் கபட்வஞ்சில் பிறந்து மும்பையில் வாழ்ந்த ஓவியர் தம் ஒரே படத்துக்குத் தமிழ்ச் சொல்லைப் பெயராக வைத்தார். நமக்குக் கூடல் என்றால் மதுரை, கூடிச் சேர்தல், ஊடலுக்கு மறுதலை. பதினாறு நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். நகரத்துக் கூட்டமும் மாடுகளும் வருகின்றன. பாந்திராவில் அப்போது இருந்த மாட்டுக் கசாப்புக் கூடமும் வருகிறது.

பார்க்கலாமா?

நான் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். பொழுது சாய்ந்தபின் உண்ணாத பாட்டியின் மடியில் வளர்ந்தவன். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொன்னபோது, "அதைப் போய் எதுக்குப் பார்த்தீங்க? பார்க்கிறதே பாவம் இல்லையா?" என்று என் துணைவியார் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் அறநூல்கள் தீவினையை மூன்றாக வகுக்கும்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். கொலையைப் படம் எடுப்பது இவற்றுள் எதில் அடங்கும்? உட்கார்ந்து பார்ப்பது எதில் அடங்கும்? குறும்படக் கலைக்கே இது அடிப்படைக் கேள்வி என்பது என் துணிபு.

மேத்தாவின் வாழ்க்கையில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1947 கலவர நாட்களில் அவர் முகம்மது அலி சாலையில் குடியிருந்த இளைஞர். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபோது, தெருவில் ஒரு கும்பல் ஒரு மனிதரை அடித்தே கொன்றது. பார்த்தவர் காய்ச்சலில் விழுந்தார். அந்தக் காட்சி வாழ்நாள் முழுவதும் தம்மைவிட்டுப் போகவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கட்டப்பட்ட காளை, தலைகீழாக விழும் உருவம் என்று அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருவனவற்றுக்குப் பின்னால் அந்த ஜன்னல் இருக்கிறது.

சொந்தக் குறும்படம் எடுக்க இதைவிட வலுவான விஷயம் யாருக்குக் கிடைக்கும்? இன்றைய பிள்ளை ஒருவருக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்வார்? ஒரு நடிகரை ஜன்னலில் நிற்கவைத்து, கீழே நாலு பேரைக் கம்போடு ஓடவிட்டு, 'அன்று நான் பார்த்தேன்' என்று குரல் கொடுத்திருப்பார். மேத்தா அந்தச் சம்பவத்தை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. பெயர் சொல்லவில்லை, தேதி சொல்லவில்லை. கேமராவை மாட்டின்மேல் வைத்தார். கூட்டத்தின்மேல் வைத்தார். தம் இளமையில் பேமஸ் ஸ்டுடியோவில் படத்தொகுப்பு வேலை பார்த்தவர் அவர். எந்தத் துண்டை எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன பிறக்கும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். மாடும் மனிதக் கூட்டமும் அங்கே ஒரே சட்டகத்துக்குள் கூடுகின்றன. அந்தத் தமிழ்த் தலைப்பின் பொருள் அப்போதுதான் எனக்கு நெஞ்சில் இறங்கியது. இயற்பெயர் சுட்டாத அகப்பாட்டை ஒரு குஜராத்தி ஓவியர் சினிமாவில் எழுதியிருக்கிறார். மூன்றில் இதுவே முழுமையான சொந்தப் படம் என்பேன்.

சரி, பாவக் கணக்கு என்ன ஆயிற்று? அந்தக் கசாப்புக் கூடத்தில் கேமரா போனாலும் போகாவிட்டாலும் அன்றைய கொலை நடந்திருக்கும்; அது தினப்படி வேலை. கேமரா அதைச் செய்யவில்லை, செய்விக்கவில்லை. உடன்பட்டதா? பார்ப்பவனுக்கு இன்பம் தரும்படி அடுக்கியிருந்தால் உடன்பட்டது என்றே சொல்லுவேன். இப்படம் இன்பம் தரவில்லை. இரண்டு இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன், காதில் விழுந்துகொண்டிருந்தது. கொல்லாமையை நூலில் படித்தவன் அன்று அதன் காரணத்தைக் கண்ணால் படித்தேன். துணைவியாருக்கு இந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு தடவை சொல்லு பாட்டி

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். கசாப்புக் கூடத்தில் கேமரா செய்யாத தீங்கை வீட்டுக் கூடத்தில் செய்துவிடக் கூடும்.

டோம்பிவிலியில் எனக்குத் தெரிந்த குடும்பம். கல்லூரியில் படிக்கும் பேத்தி பாட்டியைப் பற்றி ஒன்பது நிமிடப் படம் எடுத்தாள். நல்ல பெண், சூட்டிகையானவள். தாத்தா இறந்த இரவைப் பற்றிப் பாட்டி சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டி அழுதபடி முக்கியமான இடத்துக்கு வந்தபோது அடுக்களையில் குக்கர் விசில் அடித்துவிட்டது. பேச்சு கேட்கவில்லை. குக்கரை அணைத்துவிட்டு வந்து, "பாட்டி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லு" என்றாள். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம்: "ஏம்மா, அவரை இன்னொரு தடவை சாகச் சொல்றியா?"

இங்கேதான் செய்வித்தல் வருகிறது. மாட்டின் சாவு கேமராவுக்காக நடக்கவில்லை. பாட்டியின் இரண்டாவது அழுகை கேமராவுக்காக மட்டுமே நடக்க வேண்டியிருந்தது. சொந்தப் படத்தில் 'சொந்தம்' என்பது எடுப்பவருக்கு மட்டும் உரியது அல்ல. அப்பாவின் கடனைப் பற்றி எடுத்தால் அது அப்பாவின் வாழ்க்கையும்தான். அக்காவின் மணமுறிவைப் பற்றி எடுத்தால் அக்கா நாளைக்கும் அதே கட்டடத்தில்தான் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். கவிஞன் பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவார். கேமராவில் பெயரை மறைத்தாலும் முகம் நிற்கும். ஆகையால் எழுத்தாளனைவிடப் படம் எடுப்பவனுக்குக் கடமை கூடுதல். எடுக்கும் முன் ஒரு முறை, எடுத்ததைப் போட்டுக் காட்டி ஒரு முறை, ஆக இரண்டு முறை அனுமதி கேட்க வேண்டும் என்பேன். முதல் சம்மதம் பாசத்தில் கொடுப்பது. இரண்டாவதுதான் புரிந்து கொடுப்பது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. இரண்டாம் முறை எடுக்கவில்லை. விசில் அடித்த துண்டையே படத்தில் வைத்துவிட்டாள். பாட்டியின் வாய் அசைகிறது, குக்கர் கத்துகிறது, தாத்தா எப்படிப் போனார் என்பது நமக்குக் கேட்கவே இல்லை. ஒன்பது நிமிடத்தில் என்னை உலுக்கிய இடம் அது ஒன்றுதான். மற்ற இடங்களில் வீணை ஒலிக்கிறது. அவள் குரல் எல்லாவற்றையும் விளக்குகிறது. எது கிடைக்கவில்லையோ அதில்தான் உரிப்பொருள் பிறந்தது.

இதற்குப் பெரிய சான்றும் உண்டு. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற தமிழர் ஆர்.வி. ரமணி 2011-இல் 'மை கேமரா அண்ட் சுனாமி' என்ற ஆவணப்படத்தை முடித்தார். ஒன்றரை மணி நேரம் ஓடுவது, குறும்படம் அன்று. ஆயினும் நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2004 டிசம்பர் 26 அன்று அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே அலை வந்தது, கேமரா அழிந்தது. அதனுள் இருந்த கடைசிக் காட்சி யாருக்கும் கிடைக்காது. போன கேமராவின் நினைவை வைத்தே படம் எடுத்தார். காட்ட முடியாததைச் சுற்றி ஒரு முழுப் படம் கட்ட முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சிட்டாவும் பேரேடும்

கடைசியாக வியாபாரி பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடம்தான். 'கூடல்' அளவுக்குப் பதினாறு நிமிடம் திரையில் ஓட 1,440 அடி வேண்டும், வீணாவது தனி. அடிக்கு அடி காசு என்பதால் பொத்தானை அழுத்துமுன் யோசித்தார்கள். இன்று செல்போனில் அழுத்துவதற்குச் செலவே இல்லை. செலவு இல்லாத இடத்தில் யோசனையும் தள்ளிப்போய்விடுகிறது. நன்னூலில் பவணந்தியார் சொன்ன பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலும் ஒன்று. பழைய படக்காரருக்குக் குன்றக் கூறும் ஆபத்து இருந்தது. நம் பிள்ளைகளுக்கு மிகைபடக் கூறும் ஆபத்துதான் உண்டு.

"எடுக்காம விட்டா பாட்டி போனப்புறம் என்ன இருக்கும் அங்கிள்?" என்று இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதுவும் உண்மை. ஊரைவிட்டு வந்த நமக்கு நினைவுதான் சொத்து. அதைச் சேமிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் சிட்டா வேறு, பேரேடு வேறு. சிட்டாவில் அன்றாடம் நடந்ததெல்லாம் ஏறும்; நாலணா டீச் செலவும் ஏறும். பேரேட்டில் எந்த இனத்துக்கு எது உரியதோ அது மட்டும் அந்தப் பக்கத்தில் ஏறும். பாட்டி பேசுவதையெல்லாம் சிட்டாவாக எடுத்து வையுங்கள், பிற்காலத்துக்கு உதவும். படம் என்பது பேரேடு. அதில் எதை ஏற்ற மாட்டோம் என்று தீர்மானிப்பதுதான் வேலையே. திரைக்கதைத் தாளில் 'தனிமை', 'ஏக்கம்', 'பாசம்' என்று எழுதிய சொற்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் எந்தப் பொருள், எந்த இடம், என்ன பொழுது, என்ன சத்தம் என்று எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அந்தப் படம் இன்னும் பிறக்கவில்லை என்று அறிக.

செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு குறும்படங்களைத் திரையிடும்போது, ஐந்து நிமிடத்துக்கு மிகாமல், பின்னணி இசை இல்லாமல், விளக்கக் குரல் இல்லாமல் எடுத்தவற்றுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு படமும் முடிந்தபின் பத்து நிமிடம் விளக்கைப் போட்டுப் பேசவிடுங்கள். படத்தில் வந்த பெரியவர்கள் சபையில் இருந்தால் முதல் பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும். டீ அதற்கப்புறம் வரலாம்.